வாசல் வரை தெரிந்த விடுதிகள்

வண்டியை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவர் சொல்லிச் சொல்லி வந்த நீலவாசல் லாட்ஜ் அங்கே இல்லை. அந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சுவரும், தானாகத் திறந்து மூடும் இரும்புக் கதவும், அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை புல்தரையும் இருந்தன. கடல் அதற்கும் பின்னால் எங்கோ இருந்தது. சத்தம் மட்டும் வந்தது.

"இடம் இதுதான். வளைவு இருக்கு, மைல்கல்லும் இருக்கு. லாட்ஜைத்தான் காணோம்" என்றார்.

சிரிக்க வைப்பதற்காகச் சொன்னது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. மடியில் இருந்த துண்டை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கும் கை. சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினான். "டிரைவருங்க எல்லாம் பின்பக்கக் கேட்டுக்குப் போகணும். கெஸ்ட் எப்ப வர்றாங்க?"

"கெஸ்ட் நாங்கதான் தம்பி. ரூம் பார்க்க வந்தோம்."

காவலாளி வண்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். கெட்டவன் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள போய்க் கேட்டீங்கன்னா உங்களுக்குத்தான் மனசு கஷ்டமாயிடும். முன்னாடி போங்கய்யா, சின்ன லாட்ஜ் நிறைய இருக்கு" என்றான்.

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். கியர் மாற்றும்போது கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

முப்பத்தொரு வருடம் இந்தக் கடற்கரைச் சாலையில் வாடகைக் கார் ஓட்டியவர். கூட இருந்த ஓட்டுநர்கள் அவரை 'மேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் திருப்பத்தில் எந்தக் கடை, எந்தப் பாலத்தில் எத்தனை குழி எல்லாம் விரல் நுனியில். ஊருக்கே வழி சொன்ன மனிதரின் நுரையீரலில் வழி அடைத்துக்கொண்டது. அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில்தான், அவள் மடித்த விரிப்பிலேயேதான் ஐந்து மாதம் படுத்திருந்தார். போன வாரம் பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவர் என்ன ஆசைப்படறாரோ செய்யுங்க" என்றார். பக்கத்து வார்டுகளில் அந்த டாக்டர் அதைச் சொல்லி அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். விரிப்பு மாற்றப் போகும்போது காதில் விழும். அப்போதெல்லாம் நல்ல மனிதர், பதமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

அவர் ஆசைப்பட்டது இதுதான். கடலைப் பார்த்த மாதிரி ஓர் அறை. அவளோடு இரண்டு நாள். அதுவும் தானே வண்டி ஓட்டிப் போக வேண்டும். மகள் ஃபோனில் அழுதாள், கத்தினாள். பழைய முதலாளி மறுபேச்சில்லாமல் வண்டிச் சாவியைக் கொடுத்தார். அவளுக்கு ஓட்டத் தெரியாது. வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வாய் என்று மகள் கேட்டாள். இருந்தும் அவள் கிளம்பினாள். ஏனென்றால் அந்த ஆசை அவருடையது மட்டும் இல்லை.

கல்யாணமான புதிதிலிருந்து அவள் அந்த அறைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு சவாரி முடிந்து வந்ததும் சொல்வார். ஜன்னலைத் திறந்தால் அலை தெரியும், மெத்தையில் உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடும், குழாயைத் திருப்பினால் வெந்நீர் கொட்டும், காலையில் ஆள் வந்து கதவைத் தட்டி டீ கொடுப்பான். ஓட்டுநருக்கும் சேர்த்து அறை போடுகிற பார்ட்டிகள்தான் தனக்கு அமைகிறார்கள் என்பார். அவள் ஒற்றை அறை வீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பாள். முதலில் கதை மாதிரி இருந்தது. பிறகு வயிற்றெரிச்சலாக மாறியது.

ஒரு மழைக்காலத்தில் மகளுக்கு ஆறு நாள் காய்ச்சல். கூரை ஒழுகியது. ஏழாம் நாள் வந்து நின்றவரைப் பார்த்து, "பஞ்சு மெத்தையில புரண்டுட்டு வர்றவருக்கு எங்க பாடு என்னன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அவர் ஒழுகல் நீர் நிரம்பியிருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வந்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். இரண்டு மாதம் அவள் அவரோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மகள் மூலமாகச் சொன்னாள்.

இரண்டாவது லாட்ஜ் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. வெள்ளை அடித்து நாளாகியிருந்தாலும் ஒழுங்கான கட்டடம். வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரிதான் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், "ரூம் எல்லாம் மேலதான் இருக்கு. லிஃப்ட் கிடையாது" என்றாள்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். வழியெல்லாம் 'அங்க எல்லா ரூமும் கீழேயேதான், ஒரு படி ஏற வேண்டாம்' என்று அடித்துச் சொல்லிக்கொண்டு வந்தவர்.

"புதுசா மாத்திட்டீங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"கட்டினதுலேர்ந்தே இப்படித்தான் சார். கீழ வெறும் ஸ்டோரும் சமையலறையும்தான்."

படிகளை அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு படி இருக்கும். வீட்டு வாசலில் உள்ள இரண்டு படிக்கே நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவர். "மறந்துட்டேன் போல" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கட்டடத்தின் பின்பக்கம் அவளைக் கூட்டிப் போனார்.

"இந்தா, இந்தக் குழாயில தண்ணி எப்பவும் குளுகுளுன்னு வரும். இந்தச் சுவர் ஓரமா நிறுத்தினா மத்தியானம் நாலு மணி வரைக்கும் வெயில் ஏறாது. வண்டி மூக்கை அந்தப் பக்கம் வச்சு நிறுத்தணும். அப்பத்தான் ரோட்டு லைட் கண்ணுல குத்தாது. கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி விட்டாப் போதும், காத்து பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். இத்தனை நேரம் இல்லாத தெளிவு அவர் குரலில் வந்திருந்தது.

அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  காலையிலிருந்து அவர் சொன்னதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எந்த லாட்ஜில் வாட்ச்மேன் நல்லவன், எங்கே நாய்த் தொல்லை, எங்கே ஓட்டுநர்களுக்குத் தனிக் கழிவறை, எங்கே அதுவும் இல்லாமல் பெட்ரோல் பங்குக்கு நடக்க வேண்டும். அறையைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம் ஜன்னல், மெத்தை, வெந்நீர் என்று அதே மூன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். மின்விசிறி எந்தப் பக்கம், அலமாரி இருந்ததா என்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். அவர் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். குனிந்த முதுகில் சட்டை ஒட்டி, எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கேட்கவில்லை.

மூன்றாவது இடத்தில் எல்லாம் சரியாகவே அமைந்தது. தரைத்தளம், சுத்தமான முற்றம், நியாயமான வாடகை. மேனேஜர் பதிவேட்டைத் திறந்து பேனாவைக் கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் கணவருக்கு இருமல் வந்தது. ஒருமுறை ஆரம்பித்தால் அது லேசில் விடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க இருமினார். துண்டை எடுத்தபோது அதை அவசரமாக உள்பக்கம் மடித்ததை மேனேஜர் பார்த்துவிட்டார்.

பேனா மூடியை மாட்டினார். "அடடா, இந்த ரூமை ஏற்கெனவே ஒருத்தர் சொல்லி வச்சிருக்காங்க. வேற காலி இல்லையே."

அவருக்குப் பின்னால் பலகையில் எட்டுச் சாவிகள் வரிசையாகத் தொங்கின. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை மேனேஜரும் பார்த்தார்.

மேனேஜர் வண்டி வரைக்கும் பின்னாலேயே வந்து, கணவர் ஏறி உட்கார்ந்த பிறகு அவளைத் தனியாக நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போன வருஷம் இப்படித்தான் ஒரு பெரியவர் பொண்ணோட வந்தார். காலையில கதவைத் தட்டினா பொண்ணு அழற சத்தம்தான் வருது. போலீஸ் வந்து, விசாரணை நடந்து, பேரு கெட்டு... ரெண்டு மாசம் அந்தப் பக்கமே ஒருத்தரும் ரூம் எடுக்கலை. நானும் சம்பளத்துக்கு இருக்கிறவன்தான்."

"அவருக்கு அப்படி ஒண்ணும் இல்லை" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச தூரம் போய் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.  இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தும் வண்டிக்குள் புழுக்கமாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் ஃபோனில் வந்தாள். "ரூம் கிடைச்சுதாம்மா? அப்பாகிட்டக் குடு."

அவர் ஃபோனை வாங்கினார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "பிரமாதமான ரூம்மா. ஜன்னலைத் திறந்தா அப்படியே அலை. மெத்தையில உட்கார்ந்தா ஆளையே விழுங்குது. அம்மா இப்பத்தான் வெந்நீர்ல குளிச்சிட்டு வந்தா. நீ கவலைப்படாதே, என்ன?"

எதிரே லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவர் ஃபோனை வாய்க்கு நெருக்கமாக வைத்துக் கையால் மறைத்துக்கொண்டார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் தனக்கு வந்த கதைகள் எங்கே, எப்படிச் செய்யப்பட்டன என்பதைக் கண்ணெதிரே பார்த்தாள். பொய் சொல்கிறவனுக்கு உள்ள திருட்டுப் பார்வை அவரிடம் இல்லை. மகளுக்குப் பண்டம் வாங்கி வருகிற அப்பாவின் முகம்தான் இருந்தது. அந்த முகத்தைத்தான் அன்றைக்கு அவள் 'பஞ்சு மெத்தை' என்று சொல்லி அறைந்திருக்கிறாள்.

நான்காவது லாட்ஜ் அவருக்கே தெரியாத ஒன்று. டயர் கடையை ஒட்டி, ஆறு அறைகள் ஒரே வரிசையில், சாலைக்கு முதுகும் கடலுக்கு முகமுமாக இருந்தது. "நீங்க உட்காருங்க, நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று அவள் மட்டும் இறங்கினாள். போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

லாட்ஜை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எத்தனை பேரு?" என்றாள்.

"நான் ஒருத்திதாங்க."

"வண்டியில யாரோ இருக்காங்களே?"

ஒரு கணம்தான். "டிரைவர். அவரு வண்டியிலேயே படுத்துப்பாரு."

அடையாள அட்டையைக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள். சாவியை வாங்கிக்கொண்டாள். இருட்டட்டும், யாருக்கும் தெரியாமல் உள்ளே கூட்டி வந்துவிடலாம். அவ்வளவுதானே. அந்த அம்மாள் வாசலில் இறங்கி நின்று சத்தமாகக் கூப்பிட்டாள். "டிரைவர், வண்டியை அந்த வேலி ஓரமாப் போட்டுக்கங்க. பின்னாடி குழாய் இருக்கு."

"சரிங்கம்மா" என்று பதில் வந்தது.

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் அதட்டுகிற குரல், மகளைக் கொஞ்சுகிற குரல், ஆஸ்பத்திரியில் முனகுகிற குரல் எல்லாம் தெரியும். இது வேறு. மிருதுவாக, ஓரமாக ஒதுங்கி நிற்கிற குரல். ஏன், எதற்கு என்று கேட்காத குரல். வண்டி மெதுவாக நகர்ந்து வேலியோரம் போய் நின்றது. மூக்கைச் சாலைக்கு மறுபுறமாகத் திருப்பி நிறுத்தினார்.

கடைசி அறை. கதவைத் திறந்ததும் எதிரே ஜன்னல், ஜன்னல் நிறையக் கடல். சூரியன் போன பிறகு மிஞ்சிய வெளிச்சத்தில் தண்ணீர் ஈயம் மாதிரிக் கிடந்தது. வழக்கம்போல விரிப்பின் ஓரத்தை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். நல்ல பருத்தி, கஞ்சி அளவாகப் போட்டது, ஓரத்தில்கூடப் பழுப்பு இல்லை. தலையணை நான்கு. குழாயைத் திருப்பினால் கொஞ்சம் பொறுத்து வெந்நீர் வந்தது. காலையிலிருந்து தேடியது இதுதான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டிக்குப் போனாள். அவர் இருக்கையைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றி, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் படுத்திருந்தார்.

"வாங்க, உள்ள போலாம்."

"அந்தம்மா பார்த்தா உன்னைத்தான் ஏதாவது சொல்லுவா. நீ போய்ப் படு. எனக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒரு ரூமுக்குள்ளயும் நீங்க போனதில்லைன்னு தெரியும்."

அவர் மேலே வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யார் சொன்னா?"

"நீங்கதான். காலையிலேர்ந்து குழாயையும் சுவரையுமே காட்டிக்கிட்டு வர்றீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகத் திரும்பியது. அடங்கிய பிறகு, "பின்சீட்டுல பேசிக்கிட்டு வருவாங்க. அதைத்தான் உனக்குச் சொல்லுவேன்" என்றார். துண்டை மடித்து வைத்துவிட்டு, "நீ பொறாமைப்பட்டா எனக்குப் பரவாயில்லையா இருந்துச்சு. பாவம்னு பார்த்தா தாங்காது" என்றார்.

"அன்னைக்கு நான் சொன்னதுக்காவது வாயைத் திறந்திருக்கலாம்ல."

"எதுக்கு?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக, தாங்க முடியாததாக இருந்தது.

வண்டியிலிருந்து அறைக்கு இருபது இருபத்தைந்து எட்டு வைக்க வேண்டும். இடுப்பில் கைகொடுத்து நடத்தினாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் இப்படித் தாங்கியிருந்தால் அவளே விழுந்திருப்பாள். இப்போது நனையாத துணி மூட்டைக்கு உள்ள கனம்தான். நடுவில் இரண்டு தடவை நின்றார்கள். லாட்ஜ்கார அம்மாளின் அறையில் விளக்கு எரிந்தது. திரை லேசாக விலகிய மாதிரி இருந்தது, பிறகு விழுந்தது.

அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. முதுகு மெத்தையில் பட்டதுமே மூச்சு முட்டியது. நான்கு தலையணையையும் அடுக்கி, அதற்குப் பின்னால் பெட்டியை நிறுத்தி, சாய்ந்து உட்கார வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவர் அறையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளக்கு, நாற்காலி, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி, அதில் தெரிந்த தன் முகம். மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். வெளியே அலை வந்து வந்து போனது.

"இவ்வளவுதானா?" என்றார்.

அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"இதுக்கா அத்தனை பேரும் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தாங்க?"

ஏமாற்றமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "காலையில வெளிச்சத்துல பார்த்தா நல்லா இருக்கும்" என்றாள். அவர் தலையசைத்தார். கண்கள் மூடிக்கொண்டன. மூச்சு மட்டும் மேலும் கீழுமாக, ஈரத்துணியைக் கல்லில் இழுக்கிற ஒலியோடு போய் வந்துகொண்டிருந்தது.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். பாதி மட்டும் திறந்து, இடைவெளியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். லாட்ஜ்கார அம்மாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"டிரைவர் உள்ள இருக்காரா?"

"என் வீட்டுக்காரர்ங்க."

அந்த அம்மாள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அடுக்கிய தலையணைகள், திறந்த வாய், மடித்த துண்டு. பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே போங்கள் என்று சொன்னால் என்ன செய்வது என்று அவள் யோசித்தாள். வண்டி ஓட்ட இனி அவரால் ஆகாது. காலில் விழலாம். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள் அந்த அம்மாள். கோபம் இல்லை. பிறகு இன்னும் தணிந்த குரலில் கேட்டாள். "காலையில அவரு நடந்து வெளிய வருவாரில்ல?"

அவள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்கிற ஒரு சொல் போதும். இன்றைக்கு எத்தனையோ பொய் சொல்லியாயிற்று, இது ஒன்றுதான் வரவில்லை.  அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடையின் இருட்டில் திரும்பிப் போனாள். போனவள் யாருக்காவது ஃபோன் செய்யப் போகிறாளா, படுக்கப் போகிறாளா, தெரியாது.

கதவைச் சாத்திவிட்டு அவள் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். கட்டடத்தின் பின்னால் சாலையில் கனமாக ஏதோ ஒரு வண்டி இறைந்துகொண்டு வந்து, வளைவில் வேகம் குறைந்து, கடந்து போனது. போர்வைக்கு அடியில் அவருடைய வலது பாதம் முன்னால் நீண்டு, பிரேக்கை மிதிப்பதுபோல் அழுத்தி, மெல்ல விட்டது. அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வண்டி வந்தது. பாதம் மறுபடி நீண்டது. அழுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லாமல் காற்றில் நடுங்கியது. அவள் போர்வையை விலக்கி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அந்தப் பாதத்துக்கு எதிரே வைத்துப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.